ஒன்பதாம் பங்கேற்பாளர்

1

ஒரே ஒரு சொல்லை நான் சொல்ல வேண்டியிருந்தது. அதைச் சொல்ல முடியாமல்தான் இத்தனை சொற்களை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

அலெக்சாந்திரியாவில் ஒரு பல்கலைக்கழகத்தின் பொதுச் சுகாதாரத் துறையில் நான் மூன்றாம் ஆள். சர்க்கரை நோயாளிகளை வீட்டில் பார்த்துக்கொள்பவர்கள் படும் பாட்டைப் பற்றி அரபு நாடுகளில் இதுவரை வந்த ஆய்வுகளையெல்லாம் திரட்டிச் சலிப்பது எங்கள் திட்டம். முதல் இரண்டு பேரும் ஒவ்வொரு ஆய்வையும் தனித்தனியாகப் படித்து, ஒருவர் தீர்ப்பு மற்றவருக்குத் தெரியாமல் ‘சேர்’ அல்லது ‘விலக்கு’ என்று குறிப்பார்கள். தீர்ப்புகள் முரண்பட்டால் மூன்றாம் ஆள் தீர்த்துவைக்க வேண்டும்.

முரண்படவே இல்லை. எட்டு மாதம், ஆயிரத்து நூற்றுச் சொச்சம் ஆய்வுகள், ஒரு பிணக்குகூட இல்லை. நான் ஜன்னலோரம் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தேன்.

அந்த இருவர் டாக்டர் இஜ்லாலும் டாக்டர் வஜ்தியும். மனைவியும் கணவருமாக இருந்து, மூன்று வருடத்துக்கு முன் விவாகரத்து ஆனவர்கள்.

(இதையே கதையின் முதல் வரியாக வைத்துப் பார்த்தேன். வாசகர் சிரித்துவிட்டு எழுந்து போய்விடுவார் என்று கீழே இறக்கிவிட்டேன்.)

2

கைவிட்ட தொடக்கங்கள்:

“அன்று கடல் கொந்தளித்துக்கொண்டு—” இல்லை. கடல் சும்மாதான் இருந்தது.

“இஜ்லாலின் கண்களில் ஒரு—” வேண்டாம். இதை அவர் படிப்பார்.

நடந்தது இதுதான். மார்ச் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை என் கணினியில் சிவப்புப் புள்ளி ஒன்று தோன்றியது. முதல் பிணக்கு. எங்கள் ஊர் மருத்துவமனைக்கு வரும் சர்க்கரை நோயாளிகளின் மனைவியர் பதினெட்டுப் பேரிடம் சில வருடங்களுக்கு முன் பேட்டி எடுத்த ஆய்வு அது. பெயர்கள் கிடையாது, எண்கள் மட்டும். வஜ்தி ‘சேர்’ என்றிருந்தார். இஜ்லால் ‘விலக்கு’. காரணம் என்ற கட்டத்தில் இஜ்லால் எழுதியிருந்தது: “ஆட்கள் போதாது.” இதைவிடக் குறைந்த ஆட்களைக் கொண்ட ஆறு ஆய்வுகளை அவரே சேர்த்திருந்தார்.

எடுத்துப் படித்தேன். ஒன்பதாம் பங்கேற்பாளர் இப்படிச் சொல்லியிருந்தார்:

“வீட்டுல உப்புச் சப்பில்லாம சாப்பிடுவார். அப்புறம் டிராம் நிறுத்தத்துக்குப் போய் நின்னுக்கிட்டே பசபூசா இனிப்பு தின்னுட்டு வருவார், மீசையில பாகோட. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். ராத்திரியெல்லாம் அவருக்கு மூச்சு வருதான்னு பாத்துக்கிட்டே கெடப்பேன். ஆறு வருஷமா. அவர்மேல கோவம் இல்ல. எனக்குத் தூக்கம் வேணும், அவ்வளவுதான்.”

3

படித்து முடிப்பதற்குள் இஜ்லால் உள்ளே வந்து கதவைச் சாத்தினார்.

“படிச்சியா, ரம்ஸி?”

“படிச்சேன்.”

“அந்த ஒன்பது நான்தான். சிரிச்ச, மூக்கை ஒடச்சிடுவேன்.”

“சிரிக்கல. அவருக்குத் தெரியுமா?”

“தெரியாது. பிரியறப்ப அவங்கம்மாவோட ஒத்துப்போகலன்னு சொல்லிட்டேன். தூக்கம் வரலன்னு விவாகரத்துக் கேட்டா எவன் நம்புவான்? அந்தம்மா பாவம், இன்னிக்கும் தன்னாலதான்னு நெனச்சுக்கிட்டிருக்கு.” நாற்காலியில் உட்கார்ந்தார். “பேட்டி எடுத்தவங்க பேர் வராதுன்னு சத்தியம் பண்ணாங்க. பேர் வரல. மீசை வந்துடுச்சு.”

“அவர்கிட்ட நான் எதுவும் சொல்ல மாட்டேன்.”

“சொன்னா அந்த மூக்கு இருக்காது.”

அன்று மதியம் வஜ்தி இரண்டு ஃபலாஃபெல் ரொட்டிகளோடு வந்தார்.*

“பாஷா,” என்றார், யாரையும் அப்படித்தான் கூப்பிடுவார். “அது இஜ்லால்.”

“பாகு ஒட்டின மீசை இந்த ஊர்ல ஆயிரம் இருக்கு,” என்றேன்.

“இருக்கட்டும். ‘அவ்வளவுதான்’னு முடிக்கிறது ஒருத்திதான். விவாகரத்துப் பத்திரத்துல கையெழுத்துப் போட்டுட்டும் அதையேதான் சொன்னா.” ஒரு ரொட்டியைப் பிரித்தார். “எனக்குத் தெரியும்னு அவளுக்குத் தெரிய வேண்டாம்.”

* வஜ்தி மீது எனக்கு ஒரு சந்தேகம் இருக்கிறது. கதைக்குள் வந்ததும் நல்லவராகிக்கொண்டே போகிறார். சமநிலைக்காக ஒரு தகவல்: அந்த இரண்டு ரொட்டியையும் அவரே தின்றார்.

4

மூன்றாம் ஆள் தீர்ப்புச் சொல்வதற்கு முன் முதல் இருவரும் பேசிப்பார்க்க வேண்டும். அது நடைமுறை. வியாழக்கிழமை காலை மேசையின் இரு பக்கமும் உட்கார்ந்தார்கள். நான் நடுவில்.

“இந்த ஆய்வுல என்ன குறை, டாக்டர் இஜ்லால்?” என்று தொடங்கினார் வஜ்தி.

“ஒன்பதாம் பங்கேற்பாளர் மிகைப்படுத்தியிருக்கலாம். ஆறு வருஷம்னு சொல்றாங்க. ஞாபகப் பிழையா இருக்கும்.”

“பிழை இல்லீங்க. ஆறு வருஷம்தான்.”

இஜ்லால் நிமிர்ந்து பார்த்தார். நான் என் பேனாவைப் பார்த்தேன்.

(இந்த இடத்தில் மௌனத்தைப் பற்றி ஒரு பத்தி எழுதியிருந்தேன். எடுத்துவிட்டேன். மௌனம் அவ்வளவு நீளமாக இல்லை.)

“இன்னொரு குறையும் இருக்கு,” என்றார் இஜ்லால். குரல் மட்டும் கொஞ்சம் இறங்கியிருந்தது. “புருஷங்க யாரையும் கேக்கல.”

“கேட்டிருந்தா, பக்கத்துல ஒருத்தி முழிச்சுக்கிட்டுக் கெடக்குறது தெரியாம குறட்டை விட்டோம்னு சொல்லியிருப்பாங்க.”

“அதை எந்த அட்டவணையில போடறது?”

“அம்மாவாலன்னு சொன்னியே,” என்றார் வஜ்தி. ‘நீங்க’ எங்கோ விழுந்துவிட்டிருந்தது. “மூணு வருஷமா அவங்க உன் நம்பரை எடுத்து வெச்சுக்கிட்டு, பேசப் பயந்துக்கிட்டிருக்காங்க. எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல.”

“சொல்லியிருந்தா என்ன பண்ணியிருப்ப?”

“பக்கத்து ரூம்ல போய்ப் படுத்திருப்பேன்.”

“அங்கயும் வந்து பாத்திருப்பேன்,” என்றார் இஜ்லால்.

5

ஆனாலும் அவர் தீர்ப்பை மாற்றவில்லை. “என் படுக்கையறை மூணாவது அட்டவணையில வர வேண்டாம். விலக்கு.”

“நல்ல ஆய்வை விலக்கினா அது பொய்,” என்றார் வஜ்தி. “நான் கேக்காததை வேற யாரோ கேட்டு எழுதியிருக்காங்க. அது இருக்கட்டும். சேர்.”

இருவரும் என்னைப் பார்த்தார்கள்.

எனக்கு மூன்று முடிவுகள் தோன்றின. ‘சேர்’ என்கிறேன், மறுபடி நிக்காஹ் நடக்கிறது. (எங்கள் துறைத் தலைவருக்குப் பிடிக்கும். ரமலான் மாத டிவி தொடர்கள் ஒன்று விடாமல் பார்ப்பவர்.) ‘விலக்கு’ என்கிறேன், வஜ்தி எழுந்து— இதை முடிக்கவில்லை, அவர் அப்படி எழுந்து போகிறவர் அல்ல. மூன்றாவது, நிஜத்தில் நடந்தது: “எனக்கு ஒரு வாரம் வேணும்,” என்றேன். இருவரும் என்னைக் கோழை என்றார்கள், ஒரே குரலில்.

அந்த வாரத்தில் நடந்ததாக எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் இஜ்லால் பழைய மாமியார் வீட்டுக்குப் போயிருக்கிறார். “அத்தை, அது உங்களால இல்ல,” என்று வாசலில் நின்றபடியே சொல்லியிருக்கிறார். கிழவி அவர் கையைப் பிடித்து உள்ளே இழுத்து, ஒரு தட்டு மொலோகியாக் கீரைக் குழம்பை முன்னால் வைத்தாராம். இஜ்லால் சாப்பிட்டுவிட்டு அங்கேயே சோபாவில் தூங்கிப்போனாராம்.

6

தீர்ப்பு இன்னும் பாக்கி.

விதியைத் திரும்பப் படித்தேன். பங்கேற்பாளர்களைத் தெரிந்தவர் தீர்ப்புச் சொல்லக் கூடாது. ஆகவே எனக்குத் தகுதி இல்லை. அவர்கள் யார் என்றே தெரியாத, அவர்கள் எப்படிப் போனாலும் கவலைப்படாத ஒருவர் வேண்டும். அப்போதுதான் உங்களை நினைத்தேன். தூரத்தில் இருக்கிறீர்கள், வேறு மொழி படிக்கிறீர்கள், இஜ்லாலையும் வஜ்தியையும் ஒருநாளும் பார்த்ததில்லை. உங்களைவிடப் பொருத்தமான ஆள் கிடைக்காது. நடந்ததைச் சொல்லி, ‘சேர்’, ‘விலக்கு’ இரண்டில் ஒன்றைக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம் என்றுதான் எழுத உட்கார்ந்தேன்.

எழுதி முடித்து ஒருமுறை படித்துப் பார்த்தேன். இப்போது உங்களுக்கும் அவர்களைத் தெரிந்துபோயிற்று.