கடைசி ஆமென்

சும்மா சொல்லக்கூடாது, பெரியவருக்கு வெண்கலக் குரல். தாளம்தான் மருந்துக்கும் கிடையாது. ஞாயிறு ஆராதனையில் சபை பாட்டின் மூன்றாவது அடிக்குப் போயிருக்கும்; இவர் இரண்டாவதை நிதானமாக இழுத்துக்கொண்டிருப்பார். எல்லாரும் ஆமென் சொல்லி உட்கார்ந்த பிறகு இவருடைய ஆமென் தனியாக வந்து சேரும். சபையில் அவருக்குக் 'கடைசி ஆமென்' என்றே பெயர்.

அவர் உட்காரும் இடமோ ஆர்கனுக்கு நேர் பின்னால். ஆர்கன் வாசிக்கும் அம்மாளுக்குப் பதினாறு வருஷமாக ஞாயிறுதோறும் பிராணன் போய்க்கொண்டிருந்தது. போன மாதம் பொறுக்க முடியாமல் ஆராதனை முடிந்ததும் திரும்பி, "ஐயா, பாட்டையே கெடுக்கிறீங்க. தாளத்தோட வராட்டி தயவுசெஞ்சு பாடாதீங்க" என்று முகத்திலடித்தாற்போல் சொல்லிவிட்டாள். பெரியவர் சிரித்துக்கொண்டே தலையாட்டினார். அடுத்த நாலு ஞாயிறும் பாட்டுப் புத்தகத்தை விரித்துப் பிடித்தபடி வாயைத் திறக்காமல் நின்றார். விட்டது தொல்லை என்று அம்மாளும் நிம்மதியாக வாசித்தாள். ஐந்தாவது ஞாயிறு வருவதற்குள் மனிதர் போய்ச் சேர்ந்துவிட்டார்.

இன்று அடக்க ஆராதனை. வந்தவர்கள் அவர் பாடுவதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள், கண்ணையும் துடைத்துக்கொண்டார்கள். அம்மாள் மட்டும் ஆர்கனை விட்டுத் தலை நிமிரவில்லை. ஒரு வயசான மனிதர் கடைசி மாதம் பாடாமலே போனது தன் வாயால்தானே? வீட்டில் சொல்லியிருப்பாரோ? ஆராதனை முடிந்ததும் அவர் மகள் நேராக ஆர்கன் பக்கம் வந்தபோது திக்கென்றது. அவள் கேட்பதற்கு முன் தானே சொல்லிவிடுவது மேல் என்று பட்டது.

"அப்பாவைப் பாட வேண்டாம்னு சொன்னது நான்தாம்மா. என்னை மன்னிச்சிடு."

"தெரியுங்க. அன்னையிலேருந்து தினம் மேசையைத் தட்டித் தட்டித் தாளம் பழகினாரு. சரியா வந்ததும் பாடுறேன்னாரு. கடைசி வரைக்கும் வரலை."

"என்மேல ரொம்ப வருத்தமா இருந்தாரா?"

"வருத்தமா? நீங்க வேற. அன்னைக்கு வந்து செருப்பைக்கூட கழட்டலை. 'ஆர்கன் வாசிக்கிற அம்மா இன்னைக்கு என்கிட்ட பேசினாங்க'ன்னு வாசல்லயே நின்னு சொன்னாரு. பதினாறு வருஷத்துல அதான் முதல் தடவையாம். ஒரு வாரம் வர்றவங்க போறவங்ககிட்ட எல்லாம் அதே பேச்சு."

அம்மாள் பதினாறு வருஷத்தையும் புரட்டிப் பார்த்தாள். சாப்பிட்டீங்களா என்று ஒரு வார்த்தைகூட அகப்படவில்லை. அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அப்பாவைப் பறிகொடுத்தவள்தான் அவளைப் பெஞ்சில் உட்காரவைத்துத் தண்ணீர் கொண்டுவரப் போனாள்.