பின் சீட்டில் யாரும் உட்கார்ந்ததில்லை

"பின் சீட்ல யாரும் உட்கார்ந்ததே இல்லை, மச்சான். தூசி மட்டும்தான் இருக்கும்" என்று சொல்லித்தான் கோவிந்தசாமி கார்ச் சாவியை என் கையில் கொடுத்தார்.

1962-ஆம் வருஷம், ஆனி மாதம், புதன்கிழமை காலை எட்டேகால் மணி. வருகிற ஞாயிற்றுக்கிழமை அவருக்கும் என் தங்கை சிவகாமசுந்தரிக்கும் வீரமாகாளியம்மன் கோயிலில் கல்யாணம். பத்திரிகை அச்சாகி, முக்கால்வாசி கொடுத்தும் முடித்திருந்தேன். தாலி கட்டியதும் இருவரும் அந்தக் காரில்தான் செம்பவாங்குக்குப் போவதாக ஏற்பாடு. அவருக்கு அங்கே கப்பல் தளத்தில் ஸ்டோர் கிளார்க் வேலை. கார் சாம்பல் நிற ஆஸ்டின்.

நான் வேலை பார்த்த பட்டறை கம்போங் கப்பூர் பக்கம். இஞ்சின், பெயிண்ட் எல்லாம் மற்றவர்கள் பார்ப்பார்கள். காரின் உள்பக்கம் என் பொறுப்பு. அதற்கு நான் ஒரு முறை வைத்திருந்தேன். மேலிருந்து கீழே வரவேண்டும். முதலில் கூரைத் துணி. நன்றாகப் பிழிந்த துணியால் ஒரே திசையில் துடைக்கவேண்டும். பிறகு கண்ணாடி, பிறகு கதவு, அதன் பிறகு சீட்டு, கடைசியில் தரை. சீட்டைக் கழற்றாமல் நான் எந்தக் காரையும் முடித்ததில்லை. "மேலே துடைச்சா போதும்லா, யார் தூக்கிப் பார்க்கப் போறான்?" என்று பட்டறை முதலாளியான சீனத் தௌக்கே மலாயும் தமிழும் கலந்து ஏசுவார். ஏசிவிட்டுத் தன் சொந்தக் காரை என்னிடம்தான் கொடுப்பார். உள்ளே கிடைக்கிற பொருள் கொண்டை ஊசியானாலும் சரி, ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு, கார் நம்பரும் தேதியும் எழுதிய காகிதத்தை மேலே வைப்பேன். கார் போகும்போது டின்னும் கூடப் போகும்.

அன்றும் அப்படியே தொடங்கினேன். கூரை முடிந்தது. இடது பக்கப் பின் கண்ணாடிக்கு வந்தபோது, அதன் கீழ் ஓரத்தில் கறுப்பாக ஒரு தீற்றல் இருந்தது. செய்தித்தாளை நனைத்துத் தேய்த்தேன். போகவில்லை, பரவியது. மண்ணெண்ணெய் ஒரு சொட்டு தொட்டதும் இளகியது. தார் என்று நினைத்து முகர்ந்து பார்த்தேன். கண் மை.

தீற்றலுக்குப் பக்கத்தில் ஒரு கை பதிந்திருந்தது. என் கட்டைவிரல் நுனிக்குள் அந்த விரல்கள் மூன்று அடங்கும்.

யாரோ கூட வேலை பார்ப்பவரின் குழந்தையாக இருக்கும் என்று சொல்லிக்கொண்டு அடுத்த வேலைக்குப் போனேன். ஆனால் கை பழைய வேகத்தில் ஓடவில்லை. சீட்டின் தையல் இடுக்கில் பல் தேய்க்கும் பிரஷை விட்டு இழுத்தால் ரொட்டித் தூள் வந்தது. ஒரு நாளில் சேர்ந்த தூள் இல்லை. அடியில் இருந்தது பூசணம் பிடித்திருந்தது, மேலே இருந்தது புதுசு. குனிந்ததும் புளித்த பால் வாடை. அதன்மேல் யாரோ சமீபத்தில் சவர்க்காரம் போட்டுத் தேய்த்திருக்கிறார்கள். வெளியே தேய்த்தவருக்கு உள்ளே பஞ்சு குடித்த பாலைப் பற்றித் தெரியவில்லை.

சீட்டை முன்பக்கம் தூக்கி இழுத்தேன். அடியில், கரப்பான் வராமல் இருக்கப் போட்ட பாண்டான் இலை காய்ந்து கிடந்தது. அந்த இலை மேல், எடுத்து வைத்த மாதிரி, ஒரு கைவளை. வசம்புத் துண்டும் கறுப்பு வெள்ளை மணியும் மாற்றி மாற்றிக் கோத்தது. பால்குடிக் குழந்தைக்குக் கண் படாமல் இருக்கக் கட்டுவது.

காரின் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

என் அதிர்ச்சி புரியவேண்டுமானால் அக்கா பாக்கியலட்சுமியைப் பற்றிச் சொல்லவேண்டும். அப்பா இறந்த வருஷம், அவளைக் கிள்ளானில் ஒருவருக்கு இரண்டாம் தாரமாகக் கொடுத்தோம். மூன்று பிள்ளைகள் இருந்த வீடு. நான்தான் ரயில் ஏற்றிவிட்டேன். ஆறு வருஷம் கழித்து நானே போய் அவளை அழைத்து வந்தபோது அவள் உடம்பில் சதை என்று எதுவும் இல்லை. நாற்பது நாள் எங்கள் அறையில் கிடந்து செத்துப்போனாள். அதனால் சிவகாமிக்கு வரன் பார்க்கும்போது, கோயில் வாசலில் பூ விற்றபடி கல்யாணமும் பேசி முடிக்கும் பூவம்மாவிடம் முதல் வார்த்தையாகச் சொன்னேன்: "ரெண்டாந்தாரம்னு வந்தா மாடிப்படி ஏறவேணாம்." மூன்று மாதம் கழித்து அவள் கொண்டுவந்த வரன் இந்தக் கோவிந்தசாமி.

இன்னும் நாலு நாள் இருந்தது. நிறுத்துவதென்றால் இன்றே நிறுத்தவேண்டும்.

வளையலை டின்னில் போட எடுத்தேன். நூல் கரும்பச்சை. முடிச்சை மூன்று சுற்றுச் சுற்றி, முனையை உள்ளே செருகியிருந்தது. என் கண் அதை விட்டு என் சட்டைக்கு வந்தது. காக்கிச் சட்டையின் இரண்டாவது பொத்தான் போன வாரம் அறுந்தபோது, காக்கி நூல் தீர்ந்துவிட்டது என்று சிவகாமி பள்ளிக்கூடச் சீருடைக்கு வாங்கிய நூலால் தைத்தாள். கரும்பச்சை. "எல்லாரும் சிரிப்பாங்க" என்று சண்டை போட்டேன். அதே மூன்று சுற்று. அதே செருகல்.

இந்த முடிச்சைப் போட்டவள் சிவகாமி. அந்த ஆள் ஏமாற்றியதை ஒரு மாதிரி தாங்கியிருப்பேன்.

காரை முடித்தேன். பஞ்சில் வாடை போகச் சுக்கா, அதாவது காடி, ஊற்றி வெயிலில் வைத்தேன், தரையைத் துடைத்தேன், காய்ந்த சீட்டை மாட்டினேன். எப்படி முடித்தேன் என்று கேட்டால் தெரியாது. மணி இரண்டரை. காகிதத்தில் நம்பரும் தேதியும் எழுதி, டின்னைக் கையில் எடுத்துக்கொண்டு டன்லப் தெருவில் சிவகாமி வேலை பார்க்கும் தையற்கடைக்கு நடந்தேன்.

கடை வாசலில் பூவம்மா நிழலுக்கு உட்கார்ந்து மல்லிகை கட்டிக்கொண்டிருந்தாள். உள்ளே சிவகாமி மெஷினில். நான் டின்னை அவள் முன்னால் வைத்தேன். அவள் மிதியிலிருந்து காலை எடுத்தாள். டின்னைத் திறக்கவில்லை.

"முடிச்சிட்டீங்களா, அண்ணே?" என்றாள்.

டின்னை இன்னும் அவள் பக்கம் தள்ளினேன்.

"இதுல என்ன இருக்குன்னு தெரியுமா?"

"வளையல்."

"யார் கட்டினது?"

"நான்தான்."

"யார் புள்ளைக்கு?"

"அவரோட புள்ளைக்கு. பேரு சுந்தரம். பதினாலு மாசம். பெத்தவ பிரசவத்துலேயே போயிட்டா." குரலை உயர்த்தாமல், துணிக்கு அளவு சொல்வது போலச் சொன்னாள். "பக்கத்து வீட்டு ஆயிஷா அக்காதான் வளர்க்கறாங்க. சட்டை தைக்க அவனை இங்க தூக்கிட்டு வந்தாங்க. முதல்ல நான் பார்த்தது அவனைத்தான், அண்ணே. அவரை அதுக்கப்புறம்தான். பூவம்மா அக்காவை நம்ம வீட்டுக்கு அனுப்பினதும் நான்தான்."

நான் திரும்பிப் பூவம்மாவைப் பார்த்தேன். அவள் நாரைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

"இது யாருக்கெல்லாம் தெரியும்?" என்றேன்.

"எங்கிட்டப் பூ வாங்கறவங்களுக்கெல்லாம் தெரியும்பா" என்றாள் பூவம்மா. "உனக்குத்தான் பத்திரிகை வைக்கலை."

"நீ பேசாதே. படி ஏறக்கூடாதுன்னு சொன்னேனா இல்லையா?"

"சொன்னே. எனக்கு முட்டி வலி, நான் எங்கே ஏறினேன்? கீழே நின்னுதானே கூப்பிட்டேன்."

சிவகாமி சிரிக்கவில்லை. நானும்தான். வளையலை வெளியே எடுத்தேன். "கண்ணாடியைக் கூடத் துடைக்கத் தெரியாதவர் சீட்டுக்கு மேலே சோப்புப் போட்டுத் தேய்ச்சிருக்கார். என்கிட்ட மறைக்க. அப்படி மறைச்சவர் இதை மட்டும் எப்படி விட்டார்?"

"அவர் விடலை. போன ஞாயித்துக்கிழமை ஆயிஷா அக்காவோட அந்தக் கார்லதான் கோயிலுக்குப் போனேன். அப்ப சீட்டைத் தூக்கி நான் போட்டேன். அவருக்குத் தெரியாது. கல்யாணத்துக்கு முன்னாடி அண்ணன்கிட்டக் கார் குடுங்கன்னு சொன்னதும் நான்தான்."

"ஏன்? வாயில்லையா உனக்கு?"

"வாயால சொன்னா முதல் வார்த்தையிலேயே எழுந்து போயிடுவீங்க. கார்னா பாதியில எழுந்திருக்க மாட்டீங்க. சீட்டைத் தூக்காம விடவும் மாட்டீங்க."

இருபத்துநாலு வருஷம் ஒரே அறையில் வளர்ந்த பெண். நான் கூரையில் தொடங்கித் தரையில் முடிப்பதையெல்லாம் அவள் பக்கம் பக்கமாகப் படித்து வைத்திருக்கிறாள். நான் அவளைப் பற்றி ஒரு வரி படிக்கவில்லை.

"பாக்கியம் அக்காவை மறந்துட்டியா?" கடைசியில் அதைத்தான் கேட்க முடிந்தது.

"அக்காவை யாரும் கேட்கலை, அண்ணே. நாம ரயில் ஏத்தி அனுப்பினோம். நான் கேட்டுப் போறேன்." மிதியில் மறுபடி கால் வைத்தாள். "நிறுத்தணும்னா நிறுத்துங்க. நான் எதிர்த்துப் பேசமாட்டேன். ஆனா அவனைப் பார்க்காம நிறுத்தாதீங்க."

ஐந்து மணிக்குக் கோவிந்தசாமி பட்டறைக்கு வந்தார். உள்ளே எட்டிப் பார்த்து, "பளபளன்னு இருக்கு, மச்சான்" என்றார். நான் டின்னை நீட்டினேன். திறந்தார். மூடினார். மறுபடி திறந்தார். காதோரம் வேர்வை வழிந்தது.

"பின் சீட்ல யாரும் உட்கார்ந்ததில்லைன்னீங்க" என்றேன்.

"சொல்லலாம்னு நாலு தடவை உங்க வீட்டுக்கு வந்தேன்." டின் மூடியை அழுத்தி மூடினார். "நாலு தடவையும் அக்கா படத்துக்கு நேரேதான் நாற்காலி போட்டீங்க."

அது உண்மை. எங்கள் அறையில் நாற்காலி போட வேறு இடம் இல்லை. ஆனாலும் அவர் அதைச் சொன்னதும் கோபப்பட எனக்கு வேகம் வரவில்லை.

"வண்டியை எடுங்க. பையனைப் பார்க்கணும்."

பின் சீட்டில் ஏறினேன். அவர் செம்பவாங் பக்கம் வண்டியைத் திருப்பினார். வழியில் மழை பிடித்துக்கொண்டது. என்ன சொல்லி நிறுத்துவது என்று வாக்கியங்களை வரிசையாக அடுக்கிக்கொண்டே போனேன். மாப்பிள்ளை வீட்டாரிடம் இப்படி, அச்சகத்தில் இப்படி, கோயில் அலுவலகத்தில் இப்படி.

ஆயிஷா ஐம்பது வயதுக்காரம்மா. குடையும் குழந்தையுமாக வாசலுக்கே வந்துவிட்டார். நான் யார் என்று யாரும் சொல்லவில்லை. அவரே கார்க் கதவைத் திறந்தார்.

"வாங்க. சிவகாமி சொல்லுச்சு, இன்னிக்கு இல்லாட்டி நாளைக்கு வருவீங்கன்னு. டேய் தடியா, இந்தா உன் மாமா." சொல்லி முடிக்கும் முன் குழந்தையை என் மடியில் வைத்துவிட்டார்.

மாமா. தங்கச்சி புருஷன், ஏமாற்றியவர், இரண்டாந்தாரம் என்று காலையிலிருந்து அவர்களுக்கு எத்தனையோ பெயர் வைத்துப் பார்த்தேன். நான் யார் என்பதற்கு ஒரு பெயர் இருக்கும் என்று தோன்றவே இல்லை.

கனமான பையன். கன்னத்தில் திருஷ்டிப் பொட்டு, கண்ணில் மை. வலது கையில் ஒரு வளையல், இடது கை வெறுமை. என்னை உற்றுப் பார்த்தான். அழுவான் என்று எதிர்பார்த்தேன். அவன் என் சட்டையின் இரண்டாவது பொத்தானைப் பிடித்து, வாயில் வைத்து, முன்பல்லால் கடித்தான். பிறகு சாவகாசமாக, குடித்த பாலில் பாதியை என் மடியிலும் மீதியைச் சீட்டிலும் கக்கினான்.

கோவிந்தசாமி முன் சீட்டிலிருந்து பதறித் திரும்பினார். கைக்குட்டையை எடுத்துத் தேய்க்க வந்தார்.

"தேய்க்காதீங்க, மாப்பிள்ளை" என்றேன். "தேய்ச்சா தையலுக்குள்ள இறங்கிடும். ஒத்தி எடுக்கணும்."

அவர் கை அந்தரத்தில் நின்றது. நான் அவரை எப்படிக் கூப்பிட்டேன் என்பதை அவர் முகத்தைப் பார்த்துத்தான் நானே தெரிந்துகொண்டேன். கைக்குட்டையை வாங்கி, முதலில் குழந்தையின் வாயை ஒத்தினேன். பிறகுதான் சீட்டை.

"சனிக்கிழமை காலையில வண்டியைக் கொண்டாங்க" என்றேன். "சீட்டை மறுபடி கழற்றணும்."