அறுத்த தாங்கி

துப்பாக்கியின் பின்பக்கம் பொருத்தி, முன்கையில் பட்டை போட்டுக் கட்டும் தாங்கி இருந்ததால்தான் ஒற்றைக்கை வென்டெலால் தன் கனமான கைத்துப்பாக்கியைக் குறிபார்த்துப் பிடிக்க முடிந்தது. கென்டக்கிச் சுரங்கத்தில் கையை இழந்தபின் அவன் வீட்டைவிட்டு வெளியே வந்ததே ஞாயிறுதோறும் துப்பாக்கி சுடும் பயிற்சிக்களத்துக்குத்தான். துப்பாக்கியை முறைப்படி விற்றவள் கடைக்காரி லோர்னா.

அந்த ஆண்டு புது விதி வந்தது. தாங்கி உள்ள கைத்துப்பாக்கியைக் குட்டைக்குழல் ரைஃபிள் என்று அரசிடம் பதிய வேண்டும், இல்லையேல் தாங்கியைக் கழற்றி அழிக்க வேண்டும்.

"பதிஞ்சிடலாம் வென்டெல், நான் எழுதித் தரேன்" என்றாள் லோர்னா.

"எந்த லிஸ்ட்லயும் என் பேரு வேணாம். அறுத்துடு. துப்பாக்கிய யாருக்காவது வித்துடு."

அவன் கண்ணெதிரே தாங்கியை அறுத்தாள். துப்பாக்கியைச் சட்டப்படி வேறொருவருக்கு விற்றாள்.

மறு ஆண்டு நீதிமன்றம் அந்த விதியை ரத்து செய்தது. லோர்னா புதுத் தாங்கி ஒன்றோடு அவன் வீட்டுக்குப் போனாள். அவன் தாடி மண்டி, தொலைக்காட்சி முன் கிடந்தான்.

"இப்ப தடையில்ல. வேற துப்பாக்கி தரேன், வா."

"அடுத்த தேர்தல்ல மறுபடி மாத்துவாங்க. அப்பவும் நீயே அறுப்பியா?"

அவள் தாங்கியை மேசைமேல் வைத்தாள்.

"எடுத்துட்டுப் போ" என்றான், திரையிலிருந்து கண்ணெடுக்காமல்.

அவள் எடுத்துக்கொண்டு போனாள்.