சும்மா இருக்கும்போது வரும் நீலத்திரை

சூர்யபிரகாஷுக்குக் கப்பலூரில் ஒரு பிளாஸ்டிக் கம்பெனியில் வேலை. போன பொங்கல் விடுமுறையில், வண்டியூர் வீட்டுக் கூடத்தில் பாய் விரித்து உட்கார்ந்து, பாகம் பாகமாக வரவழைத்து, தன் கையாலேயே ஒரு கம்ப்யூட்டரைப் பூட்டி முடித்தான். மனைவி பவதாரிணிக்காகத்தான். கல்லூரிப் பாட வீடியோக்களைக் கேட்டு, கீழே ஓடும் தமிழ் வரிகளை அடித்துக் கொடுப்பது அவள் வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் அவன் அதில் கார்ப் பந்தயம் விளையாடுவான்.

ஆனி மாதத்தில் ஒருநாள் கம்பெனி விடுமுறை. மத்தியானச் சாப்பாடு முடிந்து அவன் கட்டிலில் சாய்ந்திருந்தான். திடீரென்று அவள் முன்னாலிருந்த திரை முழுக்க நீலமாகி, கம்ப்யூட்டர் உறைந்துபோனது. துள்ளி எழுந்தான். பவதாரிணி அசரவில்லை. மேசையோரம் இருந்த அவரைக்காய்த் தட்டை மடிக்கு இழுத்து நார் உரிக்க ஆரம்பித்தாள்.

"என்ன பவா இது?"

"அப்பப்ப வரும். அதுவா அணைஞ்சு அதுவா எந்திரிக்கும். அதுக்குள்ள நாலு காய் உரிச்சிரலாம்."

"எம்புட்டு நாளா?"

"வெயில் ஆரம்பிச்சதுல இருந்து."

"எங்கிட்டச் சொல்ல வேண்டியதுதான?"

"அம்புட்டு ஆசையாப் பூட்டுனீங்க. எங்க அண்ணன் வந்தப்ப, கடையில வாங்குனா இப்படி வருமான்னு அரை மணி நேரம் காமிச்சீங்க. அதுல போயி நான் நொட்டை சொல்லவா?"

அவனுக்குச் சுருக்கென்றது. நீலத்திரை வந்ததைவிட, அதற்கென்றே அவள் ஒரு தட்டுக் காயைத் தயாராக வைத்திருந்ததுதான் உறுத்தியது.

உடனே வேலையில் இறங்கினான். டிரைவர் மென்பொருள்களை அழித்து மறுபடி ஏற்றினான். பெட்டியைத் திறந்து தூசி ஊதினான். ரேம் அட்டைகளைக் கழற்றித் துடைத்து மாட்டினான். அதற்கான சோதனையை ஓடவிட்டான். ஒரு குறையும் காட்டவில்லை. கடைசியில் கார்ப் பந்தயத்தைப் போட்டு வெகுநேரம் ஓட்டினான். கம்ப்யூட்டர் கல்லுக்குண்டு மாதிரி அசராமல் ஓடியது. சரியாகிவிட்டது என்று அவளை உட்காரவைத்தான். பாதிப் பாடம்கூடத் தாண்டவில்லை, மறுபடி நீலம்.

"எனக்கு வரவே மாட்டேங்குதே. நீ கண்டதையும் இறக்கி வச்சிருக்கியா?"

பவதாரிணி தட்டை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

அவன் மேலூரிலிருக்கும் நண்பன் பீமாராவுக்குப் போன் போட்டான். ஓர் ஆபீஸில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்கிறவன். செய்ததையெல்லாம் பொறுமையாகக் கேட்டுவிட்டுப் பீமாராவ், "சரி மாப்ள, தங்கச்சி என்ன செய்யுறப்ப வருதாம்?" என்றான்.

"அதைக் கேக்கலயே."

"மொதல்ல அதைக் கேளு. அப்புறம் பெட்டியைக் கழட்டு."

அடுப்படி வாசலில் போய் நின்று கேட்டான். அவள் திரும்பிப் பார்க்காமலே சொன்னாள்.

"விறுவிறுன்னு அடிக்கையில வராது. ஒரு வார்த்தை வெளங்கலைன்னு நிறுத்தி யோசிப்பேன்ல, அப்பத்தான் வரும். டீ போட்டுட்டு வந்து பாத்தா அணைஞ்சு எந்திரிச்சு நிக்கும். நீங்க கார் ஓட்டுறப்ப அது தலைதெறிக்க ஓடுது. என்கிட்டதான் சும்மா உக்காந்திருக்கு."

அவனுக்குப் பொறி தட்டியது. சித்திரை வெயிலுக்குச் சூடு ஏறக் கூடாதென்று, கம்ப்யூட்டருக்கு மூளையான பிராசஸருக்குப் போகும் மின்னழுத்தத்தை அவன்தான் செட்டிங்கில் குறைத்து வைத்திருந்தான். கடுமையாக ஓட்டிப் பார்த்தான், தாங்கியது. அதோடு மறந்தும் போனான். வேலையில்லாதபோது பிராசஸர் தானாகவே மின்சாரத்தைச் சுருக்கிக்கொள்ளும். அதற்கு மேல் இவன் குறைத்ததும் சேர, ஓய்வில்தான் அது மயங்கி விழுந்திருக்கிறது.

"பவா, நான் செஞ்ச வேலைதான். உன்னையச் சொன்னது தப்பு."

"தப்புதான்" என்றாள் அவள். ஆனால் கையைத் துடைத்துக்கொண்டு கூடவே வந்தாள்.

செட்டிங்கைப் பழையபடி மாற்றினான். இதைச் சோதிக்க ஒரே வழி, ஒன்றும் செய்யாமல் விடுவதுதான். திரையை அப்படியே விட்டுவிட்டு இரண்டு பேரும் தெப்பக்குளத்துப் பக்கம் காலாற நடந்தார்கள். படிக்கட்டில் உட்கார்ந்து சுண்டல் தின்றார்கள். திரும்பி வந்து பார்த்தபோது பாடம் நிறுத்திய இடத்திலேயே நின்றிருந்தது. அடுத்த வாரம் முழுக்க அவள் யோசித்து யோசித்துத்தான் அடித்தாள். நீலம் எட்டிப் பார்க்கவில்லை.

"இனிமே எதுன்னாலும் சொல்லிரு" என்றான் சூர்யபிரகாஷ்.

"நெசமாவா?"

"நெசமாத்தான்."

"அப்ப அந்தப் பெட்டிக்குள்ள கலர் கலரா லைட்டு மின்னுதுல்ல? வந்த நாள்ல இருந்து எனக்குத் தலைவலி."

அந்த விளக்குகளைத் தேர்ந்தெடுக்க அவன் பட்ட பாடு அவனுக்குத்தான் தெரியும். ஆனாலும் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து ஒவ்வொரு விளக்காக அணைத்தான்.