கிரைண்டர் இருந்த இடம்

இன்னும் ஒன்பது நாள் தள்ளிப் போயிருக்கக் கூடாதா. இருபத்தொன்றாம் தேதி பரீட்சை முடிந்து வெளியே வரும்போது வந்திருந்தால்கூடப் போதுமே. கீழ்பென்னாத்தூர் பேருந்தில் கம்பியைப் பிடித்து நின்றபடி மதிவதனி இதையே நினைத்துக்கொண்டிருந்தாள். பள்ளியில் கடைசிப் பாடவேளையில் பாடம் நடத்திக்கொண்டிருந்தபோதே அடிவயிறு இழுக்கத் தொடங்கியிருந்தது. போன மாதம் ஐந்து நாள் போயிற்று. இந்த மாதமும் ஐந்து போனால் படிக்க மிச்சம் நான்கு.

கல்யாணமான இரண்டாம் மாதம் பரசுராமன் ஜெர்மனிக்கு வேலைக்குப் போனான். அவளும் போய்ச் சேர ஜெர்மன் பரீட்சையில் தேறினால்தான் விசா. ஒரு முறை தோற்றாகிவிட்டது. அதன் பிறகுதான் அவன் கம்ப்யூட்டர் வாங்கச் சொல்லிப் பணம் அனுப்பினான். வேங்கிக்கால் வீட்டில் எர்த் இருந்தது ஒரே ஒரு பிளக்கில். கிரைண்டருக்காகப் போட்ட பிளக் அது. கிரைண்டர் சமையலறைக்குப் போய், அது இருந்த சின்ன அறை பூஜை அறையாகி நாலு வருடமாகிறது. எர்த் இல்லாமல் வைத்தால் ஷாக் அடிக்கும் என்று கடைக்காரர் சொல்லிவிட்டதால், குத்துவிளக்குக்குப் பக்கத்தில் மேசை போட்டார்கள். மாமியார் ராஜம்மாள் மானிட்டருக்குக் குங்குமம் வைத்தாள்.

"சாமிக்கும் சேத்து ஜெர்மன் கத்துக் குடுங்க அண்ணி. அண்ணாமலையாருக்கும் ஒரு விசா போட்டுடலாம்" என்று சிரித்தான் கொழுந்தன் கோபி. கூடத்துக்கு எர்த் ஒயர் இழுத்துத் தரச் சொன்னபோது மட்டும், "சுவத்த ஒடைக்கணுமே அண்ணி, பாக்கலாம்" என்றான். மூன்று மாதமாகப் பார்க்கிறான்.

வீட்டில் யாரும் இல்லை. குளித்து உடை மாற்றிக்கொண்டு அந்த அறை வாசலில் நின்றாள். கால் தானாகத் தயங்கியது. பிறகு உள்ளே போனாள். தினமும் விளக்கை ஏற்றிவிட்டுத்தான் மேசையில் உட்காருவாள். இன்று கை தீப்பெட்டி வரை போய்த் திரும்பிவிட்டது. தன் கையே தன்னைக் காட்டிக்கொடுக்கப் போகிறது என்று அப்போதே தெரிந்தது. இருந்தும் ஏற்ற முடியவில்லை.

ஹெட்போனை மாட்டிக்கொண்டாள். வீட்டைப் பற்றிய பாடம். இது சமையலறை, இது படுக்கையறை என்று ஒரு பெண்குரல் நிதானமாகச் சொல்லிக்கொண்டே போனது. படத்திலிருந்த வீட்டில் எல்லா அறைகளின் கதவும் திறந்திருந்தது. அந்த வீட்டுக்குள் பரசுராமனை நிறுத்திப் பார்க்க முயன்றாள். முகம் சரியாக வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை போனில் கேட்கும் குரல்தான் வந்தது. போக வேண்டும் என்ற ஆசைகூடக் களைத்துப் போயிருந்தது. ஆனால் காதை மூடிக்கொண்டு, யாரும் எதற்கும் கூப்பிடாமல் உட்கார்ந்திருக்கும் இந்த ஒரு மணி நேரத்தை விட மனமில்லை.

ராஜம்மாள் பால் வாங்கிக்கொண்டு வந்தாள்.

"இன்னா மதி, வெளக்கு ஏத்தலியா?"

ஹெட்போனைக் கழுத்துக்கு இறக்கினாள். "நீங்க ஏத்துங்கத்த."

பால் பாத்திரத்தைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது.

"எப்போலேர்ந்து?"

"மத்தியானத்துலேர்ந்து."

"சரி, எழுந்து வா. அஞ்சு நாளுதான? நோட்ட எடுத்தாந்து கூடத்துல குந்திப் படி. உனுக்கு விசா கெடைக்கணும்னுதான பவுர்ணமி தவறாம மலை சுத்தறேன். சாமி கோச்சிக்கினா அப்புறம் இன்னாத்துக்கு இதெல்லாம்?"

குரலில் கோபம் இல்லை, அலுப்புதான் இருந்தது. போன பௌர்ணமிக்கு வெறுங்காலோடு சுற்றியதில் அவள் குதிகால் வெடித்திருந்தது. மதிவதனிதான் களிம்பு தடவினாள். கோபமாகப் பேசியிருந்தால் மறுப்பது சுலபமாக இருந்திருக்கும் என்று தோன்றியது.

"இல்லத்த. நான் இங்கியே இருக்கறேன்."

ஹெட்போனைத் திரும்ப மாட்டிக்கொண்டாள். இது சமையலறை, என்றது குரல். இத்தனை நாள் முணுமுணுத்த வாக்கியத்தை இப்போது வாய்விட்டுச் சொன்னாள். அடுத்த படம் வருவதற்குள் திரை ஒரு கணம் கறுத்தது. ஏற்றாத விளக்கும், அதற்குப் பின்னால், உள்ளே வராமல் வாசலுக்கு வெளியே நின்று தீப்பெட்டிக்காக ராஜம்மாள் நீட்டிய கையும் அதில் தெரிந்தன.