கல்யாண நாள் பாஸ்வேர்டு

பல் டாக்டரின் வாசலில் உட்கார்ந்துகொண்டு, யார் எப்போது வாயைத் திறக்க வேண்டும் என்று தீர்மானிப்பவள் அவள். நோயாளிகளுக்கு நினைவூட்டல் போவதெல்லாம் அவளுடைய சொந்தப் போனிலிருந்துதான். அது சில வாரங்களாக மத்தியானத்துக்குள் உயிரை விட்டுக்கொண்டிருந்தது. தொட்டால் இஸ்திரிப் பெட்டி.

எதிர்க் கடையின் பலகையில் ‘போன் டாக்டர்’ என்று போட்டிருந்தது. அதனாலோ என்னவோ, கடைக்காரரும் போனைக் கையில் வாங்கியதும் முகத்தைச் சுளித்து “ம்ம்” என்றார். வைத்தியத்தில் பாதி அதுதான்.

“பேட்டரி மேல பழி போடாதீங்கக்கா. உள்ள ஒரு ஆளு ஓசியில குடியிருக்கான்.”

‘சிஸ்டம் உதவி’ என்ற பெயரில் ஒரு செயலி. மைக், கேமரா, இருக்கும் இடம், மெசேஜ் எல்லாவற்றுக்கும் அதற்கு அனுமதி. ஏற்றிய தேதி ஒரு ஞாயிற்றுக்கிழமை. “உன் போன் திறந்த வீடா கிடக்கு, பாதுகாப்பா மாத்தித் தரேன்” என்று கணவர் ஒரு மணி நேரம் வாங்கி வைத்திருந்த ஞாயிற்றுக்கிழமை.

கணவர் பெரிய கம்பெனியில் தகவல் பாதுகாப்பு அதிகாரி. மாதம் ஒருமுறை மேடையேறி, “உங்கள் போன் உங்கள் கோட்டை” என்று தொடங்குவார். கைத்தட்டல் விழும் இடம் அடுத்து வரும்: “கல்யாண நாளைப் பாஸ்வேர்டா வைக்கிறவனுக்குக் கதவைத் திறந்துபோட்டுத் தூங்குறவன் தேவலை.”

“உள்ள போக பாஸ்வேர்டு கேக்குதுக்கா,” என்றார் கடைக்காரர்.

அவள் கல்யாண நாளை அழுத்தினாள். திறந்துகொண்டது. பதினேழு வருடத்தில் அந்தத் தேதியை அவர் நினைவில் வைத்திருந்த ஒரே இடம்.

பேசியதெல்லாம் வரிசையாக இருந்தது. மூன்று வாரத்துக்கு முன் தங்கையிடம் பேசியதும் இருந்தது. “மார்ல ஒரு கட்டி இருக்குடி. டெஸ்ட்டுக்குக் குடுத்திருக்கேன். அவர்கிட்ட சொல்லல. என் முகத்தைப் பாத்து அவரா கேக்கட்டும்.” பக்கத்தில், ‘நான்கு முறை கேட்கப்பட்டது.’

அன்று சாப்பிடும்போது அவர் சொன்னது அவளுக்கு நினைவிருந்தது. “உப்பு கம்மி.”

வேறென்ன சொல்வார்? கேட்டால், உனக்கெப்படித் தெரியும் என்பதற்குப் பதில் வேண்டும். திருடனுக்குத் தேள் கொட்டினால் கத்தவா முடியும்? தனக்குக் கோபம் வரும் என்று அவள் சற்று நேரம் காத்திருந்தாள். பல்லுக்கு ஊசி போட்ட வாய் மாதிரி இருந்தது. கடித்தாலும் தெரியாது.

“அழிச்சிடவாக்கா? அழிச்சா அந்தப் பக்கம் தெரிஞ்சிடும். வீட்ல அடிதடி ஏதாவது…”

“அடிக்கிற ஆள் இல்ல. சொற்பொழிவு பண்ற ஆள்.”

“அதுக்கு அடியே மேல்,” என்றார் போன் டாக்டர்.

“இன்னிக்கு ஒரு நாள் இருக்கட்டும். நாளைக்கு எடுத்துடுங்க.”

சாயங்காலம் ரிப்போர்ட்டை வாங்கி டாக்டரிடம் காட்டிவிட்டு, ஆஸ்பத்திரி வாசலிலேயே நின்று தங்கையைக் கூப்பிட்டாள். வார்த்தை வார்த்தையாக, டிக்டேஷன் கொடுப்பதுபோலச் சொன்னாள்.

“கெட்ட கட்டிதான். வெள்ளிக்கிழமை ஆபரேஷன். கையெழுத்து போட வீட்டு ஆள் ஒருத்தர் வேணுமாம்.”

“மாமாகிட்ட சொன்னியாக்கா?”

“அவருக்குத் தெரியும்.”

“என்ன சொன்னாரு?”

“ராத்திரி சாப்பிடும்போது தெரியும்.”

வீட்டில் அவர் ஹெட்போனைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முகம் சுண்ணாம்பாக இருந்தது. அவள் தட்டை வைத்தாள். எதிரில் உட்கார்ந்து, முகத்தைக் காட்டிக்கொண்டிருந்தாள். அவர் இரண்டு முறை வாயைத் திறந்தார். பல் டாக்டர் வாசலில் இப்படி நிறையப் பேரைப் பார்த்திருக்கிறாள்.

“இன்னிக்கு உப்பு சரியா இருக்கு,” என்றார்.

அன்று அவள் உப்பே போடவில்லை.

போனை எடுத்து, அவர் எதிரிலேயே தங்கையைக் கூப்பிட்டாள். “வெள்ளிக்கிழமை நீ வந்துடு. கையெழுத்து நீ போடு.”

வைத்த சற்று நேரத்தில் அவருடைய சட்டைப்பை அதிர்ந்தது. புதிய பதிவு வந்துசேர்ந்துவிட்டது. அவர் எடுத்துப் பார்க்கவில்லை. தட்டையே பார்த்துக்கொண்டு, உப்பில்லாததை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டார்.