விளிம்புத் தங்கம்

1.
இந்தக் கதை, நான் சிரித்ததற்குத் தண்டனை. "சிரிக்கிறே இல்ல? எப்பப் பாரு எழுதிக்கிட்டே இருப்பியே, இதையும் எழுது" என்றாள் அக்கா.

எங்களைப் படிக்கவைக்க அம்மா நகைகளையெல்லாம் விற்றுவிட்டாள். அவள் போன பிறகு மிஞ்சிய தங்கம், எப்போதோ ஏலத்தில் எடுத்த ஆறு பழைய பீங்கான் தட்டுகளின் விளிம்பில் மட்டும். அதைப் பிரித்தெடுத்துத் தன் மோதிரத்தில் சேர்த்துக்கொள்ள அக்காவுக்கு ஆசை.

2.
அன்று வானம் (வேண்டாம். தங்கம் உருக்குபவரின் பட்டறையில் ஜன்னலே இல்லை.)

முதலில் அவரைப் பேராசைக்காரராக எழுதி அடித்துவிட்டேன்.* கதைக்கு வசதியாக இருந்திருக்கும். உண்மையில் ஸ்டூலைத் துடைத்துப் போட்டுவிட்டுச் சொன்னார்:

"இது தடவிச் சுட்ட தங்கம்மா. ஒரு தலைமுடிய நூறாப் பிளந்தாலும் இதவிடத் தடிமனா இருக்கும். ஆறு தட்டும் சேர்ந்து ஒரு கடுகளவு தேறினாப் பெரிசு. அமிலத்துக்கே அதுக்கு மேல ஆயிடும்."

(அவசரமில்லாதவர்களுக்கு: அமிலம் இரண்டு வகை வேண்டும். தனித்தனியாக ஊற்றினால் தங்கம் அசையாது. இரண்டும் கூட்டுச் சேர்ந்தால் கரைந்துவிடும். நானும் அக்காவும் சேர்ந்து கேட்டால் அம்மா கரைந்ததுபோல.)

3.
ஒவ்வொரு தட்டாக விளக்கடியில் திருப்பிப் பார்த்தார்.

"விளிம்பு வெள்ளையா இருக்கே. எதுலம்மா கழுவினீங்க?"

"அம்மா பொருளாச்சே, அழுக்கோட கொண்டுவரக் கூடாதுன்னு... பவுடர் போட்டுத் தேய்ச்சேன் அண்ணா. நேத்துப் பூரா."

அப்போதுதான் சிரித்தேன். அக்காவுக்குக் கண் நிறைந்துவிட்டது. அவர் சிரிக்கவில்லை.

"தேய்ச்ச நார் இருக்கா?"

"சிங்க்ல கிடக்கு."

"பாதி தண்ணியோட போயிருக்கும். மீதி நார்லதான் இருக்கும். எரிச்சுச் சாம்பல்ல தேடலாம். இங்க தரை துடைச்ச துணியையே நாங்க விடறதில்ல."

"கட்டுப்படியாகுமா அண்ணா?"

"ஆகாதும்மா. கொண்டு வாங்க."

வீட்டுக்கு ஓடிப்போய் நான்தான் எடுத்துவந்தேன்.

4.
பட்டறை ரசீதுகளின் பின்பக்கத்தில் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். நார் அடுப்பில் எரிகிறது. அக்கா மோதிரத்தைக் கழற்றி உள்ளங்கையில் வைத்திருக்கிறாள். ஒரு முடிவில், சாம்பலிலிருந்து ஒரு மினுக்கு. இன்னொன்றில், சாம்பல் மட்டும். மூன்றாவதாக அம்மாவே (இல்லை, இது மலிவு.)

அடுப்பு அணையும்வரை முடிவு உங்களிடம் இருக்கட்டும். அதுவரை எனக்கு அந்த "கொண்டு வாங்க" போதும்.

* அடித்த பகுதியை அவரிடம் காட்டி மன்னிப்புக் கேட்டேன். "அப்படியே இருக்கட்டும் தம்பி" என்றார். "பேராசை இல்லாதவன் நாரை எரிப்பானா?"